மந்தாரியா முதற்பிரிவு, சிறுபோகச் சீசன்

ஆகஸ்ட் 2, சனி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. வெள்ளனவே நெல்லு வெட்டு மெஷின் வந்துவிட்டது, இவர் வயலுக்குப் போய்விட்டார். நான் கடையில். மாங்குளம் சந்தி முழுக்கத் தூசி, தைத்து மாட்டிய வெள்ளைச் சட்டைகளைத் துணியால் மூடி வைத்திருக்கிறேன்.

முடிக்க வேண்டியவை:
பிலோமினாவின் பிளவுஸ் (மடு மாதா கோயில் திருவிழாவுக்கு. செவ்வாய் வருவா.)
இரண்டு சாரிக்கு ஓரம்.
தையல் மெஷின் பெல்ட். திரும்பவும் வழுக்குகிறது.
கொப்பி.

பழைய கொப்பி முடிந்தது, இது புதுசு. முதல் பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நான் செத்த பிறகு யாராவது எடுத்துப் பார்த்தால் சுகந்திக்கு விசர் என்று முடிவு கட்டக் கூடாது.

மந்தாரியா என்று ஒரு நாடு. உலகப் படத்தில் தேட வேண்டாம், இல்லை. அகதி முகாமில் தண்ணிக்கு வரிசையில் நின்ற நாட்களில் நானும் றீற்றாக்காவும் உண்டாக்கியது. அன்றைக்கு வானம் மந்தாரமாக இருந்தது, அதுதான் பேர். அதில் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, உதைபந்தாட்ட முதற்பிரிவு லீக். பிரதமர் ஆர், காசு என்ன, ஒன்றும் தெரியாது.

றீற்றாக்கா முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவா. அண்ணன் தம்பி நாலு பேரும் பந்தடிகாரர். அவாவை மட்டும் மைதானத்துக்குள் கால் வைக்க விடவில்லை, ஓரத்தில் நின்று பார்த்தே எல்லாம் படித்துக்கொண்டா. எனக்கு ஓஃப்சைட் விளங்க ஒரு மாதம் எடுத்தது. வரிசை மெல்ல நகரும், இரண்டு பேரும் வாளிக்குப் பக்கத்தில் குந்தி இருந்து சோடா மூடி எறிவோம். ஊருக்கு வந்த பிறகு சோகிக்கு, சோழி என்பார்களே, அதுக்கு மாறினோம்.

சட்டங்கள் (சுருக்கமாக):
எட்டு அணி. நாலு எனக்கு, நாலு அவாவுக்கு.
அணி யாருடையதோ அவர் வீடுதான் அதன் மைதானம். அந்த வீட்டுக்காரரே இரண்டு பக்கத்துக்கும் எறிவார். எதிர் ஆள் நேரில் வந்திருந்தால் தன் அணிக்குத் தானே எறியலாம்.
மைதானத்து அணிக்கு ஆறு சோகி, வந்த அணிக்கு ஐந்து. வாய் மேலே பார்த்து விழுந்தால் கோல்.
எதிலாவது சாய்ந்து நின்றால் அந்தச் சோகியை மட்டும் திரும்ப எறிய வேண்டும்.
எறியாத ஆட்டத்துக்கு முடிவு இல்லை.
ஞாயிறு ஃபோனில் முடிவு சொல்வது. எழுதுவது நான்.

வருடத்துக்கு இரண்டு சீசன், வயல் மாதிரியே, காலபோகம், சிறுபோகம். முப்பது சீசனுக்கு மேல் ஆகிவிட்டது. என் உப்பளம் சிற்றி இதுவரை ஒரு கோப்பையும் தூக்கவில்லை. இரண்டாம் இடம் ஆறு தடவை. கோப்பை எல்லாம் அநேகமாக றீற்றாக்காவின் பவளத்துறைக்கே. அதை அவா ஃபோனில் சொல்லும் விதம் இருக்கிறதே, மூக்கைப் பிடித்துக் கிள்ள வேண்டும் போல இருக்கும்.

இந்த முறை உப்பளம் முன்னுக்கு நிற்கிறது. இன்னும் இரண்டே ஆட்டம். அதற்காகத்தான் இவ்வளவு எழுத்து.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் குசினி நிலத்தைக் கூட்டித் துடைத்து என் வீட்டு ஆட்டங்களை எறிந்தேன். மலைநகர் 2 – பவளத்துறை 1. லீக் செயலாளர் பதவியில் இருந்துகொண்டு துள்ளக் கூடாது, துள்ளினேன்.

பதினொரு மணிக்கு றீற்றாக்கா.

"எழுதடி. தென்னங்குடா பூச்சியம், உப்பளம் நாலு."

"நாலோ! உண்மையாவோ?"

"பின்னை நான் பொய்யோ சொல்லுறன்? உன்ர ஆக்களுக்கு இந்த வருசம் என்ன சாப்பாடு குடுக்கிறாய்?"

உப்பளம் 27, பவளத்துறை 24. கடைசி ஆட்டம் வாற ஞாயிறு, அவா வீட்டில், இந்த இரண்டுக்கும் இடையில்தான். சமன் செய்தாலே கோப்பை எனக்கு.

இவர் நெல்லுக் குவியலைப் பார்த்துவிட்டுத் தலை முழுக்க வைக்கோலோடு வந்தார். "உம்மட நாட்டிலை என்ன நிலவரம்?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப விடுமுறை விடுவினமோ?" என்றார். நக்கல்தான், ஆனால் கொஞ்சம் சந்தோசமும் பட்டார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பிலோமினா வந்தா. றீற்றாக்காவுக்குப் பக்கத்து வளவுக்காரி. அளவு போட்டுப் பார்க்கும்போது கதை.

"றீற்றாக்கா போகப் போறா எண்டு கரையெல்லாம் கவலை. நீங்களும் சினேகிதி, உங்களுக்கும் கஸ்ரம்தானே."

"எங்கை?"

"நோர்வேக்கு, மகளிட்டை. விசா வந்து ரண்டு மாசமாகுது. மடு முடியப் போறாவாம். இனி அங்கையே தானாம், வீட்டைத் தம்பிக்குக் குடுக்கிறா. உங்களுக்குச் சொல்லேல்லையே?"

"ஓம், ஓம். சொன்னவா. மறந்துபோனன்."

வாயில் ஊசியை வைத்துக்கொண்டு சொன்னது நல்லதாய்ப் போயிற்று, முகம் காட்டிக் கொடுக்கவில்லை. அவா போன பிறகு பிளவுஸின் இடது கையை உள்பக்கம் வெளிப்பக்கம் மாற்றித் தைத்துவிட்டேன். பிரித்துத் திரும்பத் தைத்தேன். 

இரண்டு மாதம். எட்டு ஞாயிறு ஃபோனில் கதைத்திருக்கிறா. இறாலின் கதை, முழங்கால் நோவின் கதை, தம்பி மனைவியின் கதை. இது மட்டும் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. தைக்கவில்லை. பழைய கொப்பியைப் புரட்டினேன்.

இந்தச் சீசனில் உப்பளம் அவா வீட்டுக்குப் போய் ஆடியது மூன்று ஆட்டம்.
கலங்கரை 0 – உப்பளம் 3.
மாதாநகர் 0 – உப்பளம் 4.
தென்னங்குடா 0 – உப்பளம் 4.

மூன்றும் விசா வந்த பிறகு. என் மற்ற அணிகள் அங்கே போய் வழமைபோல் வென்றும் தோற்றும் வந்திருக்கின்றன. உப்பளம் வந்தால் மட்டும் அவா பக்கம் ஆறு சோகியும் கவிழ்ந்து படுக்கின்றனவாம்.

ஒரு முறை விழலாம். நான் மறுக்கவில்லை. குசினியில் குந்தி இருந்து ஆறு சோகியையும் நாற்பது தடவை எறிந்து பார்த்தேன். ஆறும் கவிழ்ந்தது ஒரே ஒரு தடவை.

இவர் வாசலில் நின்று, "சோறு இண்டைக்கு உண்டோ?" 

விசயத்தைச் சொன்னேன்.

"உமக்கு வெண்டாலும் பிரச்சினை, தோத்தாலும் பிரச்சினை," என்றார்.

இவருக்கு விளங்காது. இத்தனை வருடம் நான் தோற்றது எல்லாம் உண்மையான தோல்வி. அதிலே எனக்கு ஒரு பெருமை இருந்தது. இப்போது போகிற போக்கில் கையில் ஒரு கோப்பையைத் திணித்துவிட்டுப் போகப் பார்க்கிறா. அழுகிற பிள்ளைக்கு இனிப்புக் கொடுத்துவிட்டுப் பின்கதவால் போவது போல. எனக்கு நாற்பத்திரண்டு வயது.

கோபம் என்று எழுதுகிறேன். பாதிதான் கோபம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஃபோன் எடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிறு வருகிறேன் என்று மட்டும்.

"என்னடி, உப்பளம் கோப்பை தூக்கிறதை நேரிலை பாக்கப் போறியோ? வா, வா. மீன் வைக்கிறன்."

அவ்வளவு சந்தோசமான குரல். வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெல்ட் மாற்றியாயிற்று. சத்தமில்லாமல் ஓடுகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

ஏழு மணி பஸ். ஒட்டுசுட்டான் வரைக்கும் நின்றுகொண்டு. வழியெல்லாம் ரோட்டோரம் நெல் காயப் போட்டிருக்கிறார்கள், பஸ் ஒரு பக்கம் ஒதுங்கி ஒதுங்கிப் போய்ச் சேர ஒன்பதரை ஆயிற்று. கரையில் சோளகக் காற்று வீசி மணல் கண்ணுக்குள்.

றீற்றாக்கா வாசலில் நின்றா. மெலிந்துவிட்டா. உள்ளே அலுமாரி திறந்து கிடந்தது, பாதி காலி. நிலத்தில் இரண்டு பெரிய சூட்கேஸ். ஒளித்து வைக்கவும் இல்லை.

"பிலோமினா சொல்லிப்போட்டாளாம்," என்றா. "நான் சொல்லத்தான் இருந்தனான்."

"எப்ப? பிளேனிலை ஏறினாப் பிறகோ?"

"சொன்னா நீ எறியிறதை விட்டிடுவாய். எனக்குத் தெரியும் உன்னை."

"நீங்கள் விட்டிட்டியள் தானே." கொப்பியை எடுத்து மூன்று ஆட்டத்தையும் காட்டினேன். "இது எறிஞ்சதோ?"

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தா. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. பொய் சொல்லப் பார்க்கவில்லை, அதுக்கு நன்றி.

"இல்லை. மற்ற எல்லாம் எறிஞ்சனான், கர்த்தர் சத்தியமா. உன்ர உப்பளத்துக்கு மட்டும் எறியேல்லை. நான் போறதுக்கு முதல் ஒருக்கா வெல்லட்டும் எண்டு நினைச்சன். இவ்வளவு காலமாத் தோத்துத் தோத்து, அடுத்த ஞாயிறும் எழுதுறாய். எனக்கெண்டா எப்பவோ கொப்பியைக் கிழிச்சிருப்பன்."

"அப்பிடியெண்டாலும் மூண்டு முறையும் பூச்சியமோ அக்கா? ஒரு கோல் ரண்டு கோல் போட்டிருக்கலாமே."

"எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லையடி."

சிரிப்பு வந்தது. இரண்டு பேருக்கும். அதோடு முடிந்திருந்தால் நல்லது.

எறியாத ஆட்டத்துக்கு முடிவு இல்லை. நான்தான் சொன்னேன், மூன்றையும் இப்போதே எறிவோம் என்று. சூட்கேசுகளைத் தள்ளி நிலத்தைக் கூட்டினோம். அவா தன் பக்கத்துக்கு, நான் என் பக்கத்துக்கு. மீன் சட்டி அடுப்பில் கொதிக்கிறது, ஒருவரும் பார்க்கவில்லை.

கலங்கரை 1 – உப்பளம் 3. (!)
மாதாநகர் 2 – உப்பளம் 3. (!!)
தென்னங்குடா 4 – உப்பளம் 2.

கூட்டிப் பார்த்தால் உப்பளம் 24, பவளத்துறை 24. ஒரு களவும் இல்லாமல், கடைசி ஆட்டத்துக்குச் சமனாக வந்து நிற்கிறது என் அணி. கோல் கணக்கில் பவளத்துறை முன்னுக்கு. அதனால் நான் வென்றே ஆக வேண்டும். வென்றால் கோப்பை, உண்மையான கோப்பை. கை வேர்த்துச் சோகி வழுக்கியது.

றீற்றாக்கா முதலில் எறிந்தா. ஆறில் நாலு.

எனக்கு ஐந்தும் நிமிர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எறிந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு நிமிர்ந்து கிடந்தன. ஐந்தாவது உருண்டு போய்ச் சூட்கேஸின் உருட்டுச் சில்லில் சாய்ந்து நின்றது.

"நிமிர்ந்துதான் கிடக்கு," என்றா றீற்றாக்கா. "ஐஞ்சு. எழுது."

"சாய்ஞ்சு நிக்குதக்கா."

"என்ர கண்ணுக்கு நிமிர்ந்துதான். என்ர மைதானம், நான் சொல்லுறன். எழுதடி."

அவா முகத்தில் ஒரு கெஞ்சல். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"முன்னாலை இருக்கேக்கையே இப்பிடி எண்டா, நோர்வேயிலை இருந்து நீங்கள் சொல்லப் போறதை நான் எப்பிடி நம்புறது?"

குனிந்து அந்தச் சோகியை எடுத்து எறிந்தேன். கவிழ்ந்தது. 4–4. கோப்பை பவளத்துறைக்கு.

றீற்றாக்கா கோப்பையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எழும்பிக் குசினிக்குள் போய் அடுப்பை நிறுத்தினா. அங்கே நின்றபடியே சொன்னா:

"அப்ப விடு. கொப்பியை மூடு. நம்பாமல் என்ன விளையாட்டு."

சாப்பிட்டோம். அடிப்பிடித்த மீன், இரண்டு பேரும் நல்ல ருசி என்றோம். பஸ்ஸுக்கு வரும்போது இறால் கருவாட்டுப் பையைக் கையில் தந்தா. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 

ஆகஸ்ட் 11, திங்கள்

நெல்லு மூட்டை வீட்டுக்குள் வந்துவிட்டது, நடக்க இடமில்லை. தும்மல்.

சொன்னது சரி. சொல்லியிருக்கக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி என்று தெரியவில்லை, ஆனால் அப்படித்தான்.

இவரிடம் சொன்னேன். மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அந்த மனிசி ஊரையே விட்டிட்டுப் போகுது. நீர் சோகிச் சட்டம் படிச்சிருக்கிறீர்," என்றார். 

முன்னுக்கு நான் சொன்னேனே இவருக்கு விளங்காது என்று. அழிக்கவில்லை, ஆனால் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சந்தியால் மடுவுக்குப் போகும் பஸ்கள், கூரையில் பாயும் சட்டியும். எந்த பஸ்ஸிலாவது அவா இருப்பா என்று கடை வாசலில் நின்று பார்த்தேன். ஃபோன் எடுத்து என்ன சொல்வது. "மன்னியுங்கோ" என்று சொன்னால், "எதுக்கு, கோப்பை எனக்குத்தானே" என்று பகிடி விடுவா. அல்லது விடமாட்டா. அதுதான் பயம்.

பிளவுஸ் பொருத்தமாம். பிலோமினா செய்தி அனுப்பியிருக்கிறா, படத்தோடு. படத்தின் ஓரத்தில் றீற்றாக்காவின் கை மட்டும், மெழுகுதிரியோடு.

ஆகஸ்ட் 20, புதன்

வயலில் வைக்கோல் ஏற்றப் போனேன். ஃபோன் கடையில் சார்ஜில். வந்து பார்த்தால் றீற்றாக்கா இரண்டு தடவை எடுத்திருக்கிறா, மூன்று மணிக்கு ஒன்று, மூன்று பத்துக்கு ஒன்று. திரும்ப எடுத்தேன். நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று ஃபோனுக்குள் ஒரு பெட்டை சொல்கிறாள், மூன்று மொழியில்.

பிளேன் ஏறிவிட்டா.

வைக்கோல் கடிக்கிறது, குளிக்க வேண்டும். குளிக்காமல் இருந்து அழுதேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சீசன் இல்லாத ஞாயிறு. தையல் இல்லை. பதினொரு மணி வந்து போயிற்று.

தனியே எட்டு அணிக்கும் எறியலாம், யார் தடுக்கப் போகிறார்கள். ஒருக்கா எறிந்து பார்த்தேன். மூன்று கோல் என்று சொல்ல ஆள் இல்லை. சோகியைப் பொத்திப் பையில் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலபோகத்துக்கு உழவு பற்றி ஊரில் கதை தொடங்கிவிட்டது. நானும் செயலாளர், என் வேலையை நான் செய்ய வேண்டும். துண்டு எழுதிக் குலுக்கிப் போட்டு அட்டவணை எடுத்தேன்.

முதல் வாரமே, அவா மைதானத்தில்: பவளத்துறை – உப்பளம்.

இதை மாற்றி முதலில் என் வீட்டு ஆட்டங்களை மட்டும் போட்டால் அவாவுக்குக் கரைச்சல் இல்லை என்று ஒரு நிமிசம் நினைத்தேன். துண்டு விழுந்தது விழுந்ததுதான். அப்படியே படமெடுத்து அனுப்பினேன். கீழே ஒரு வரி: "வாற ஞாயிறு தொடக்கம். நீங்கள் சொல்லுறதை எழுதுவன்."

நாலு தடவை எழுதி அழித்து வந்த வரி அது. பார்த்துவிட்டா, நீலம் விழுந்தது. பதில் இல்லை.

செப்டம்பர் 3, புதன்

பதில் இல்லை. மூன்று சட்டை, ஒரு பாவாடை.

செப்டம்பர் 7, ஞாயிறு

இருட்டிக் கட்டி நின்றது, மழை இல்லை. காலையில் என் ஆட்டங்கள் இரண்டும் எறிந்தாயிற்று. றெயில்வே 3 – கலங்கரை 3. மலைநகர் 1 – மாதாநகர் 2.

பதினொரு மணி. ஒன்றும் இல்லை. பன்னிரண்டு. அவா அங்கே இன்னும் எழும்பியிருக்க மாட்டா என்று எனக்கு நானே சமாதானம். ஒன்றரைக்குச் சோற்றைப் போட்டு முதல் பிடி எடுக்க, ஃபோன்.

"என்னடி செய்யிறாய்?"

"சாப்பிடப் போறன்." குரலை நேராக வைத்திருக்கப் பட்ட பாடு. "அங்கை?"

"பத்து மணி. குளிர். இஞ்சை நிலமெல்லாம் கம்பளம், சோகி விழுற சத்தமே கேக்காது. குசினிக்குள்ளை கொண்டுபோய் எறிஞ்சனான். பேரன் ஒண்டை வாயிலை வைக்கப் பாத்தவன், பறிச்செடுத்தன்."

"எறிஞ்சு போட்டியளோ?"

"ஓம். எறிஞ்சது எறிஞ்சபடி கிடக்கு, ஒருத்தரையும் தொட விடேல்லை. மகள் தேத்தண்ணி வைக்கச் சுத்திப் போறாள்." அடுத்த மூச்சில்: "வீடியோ போடட்டே? நீயே எண்ணிப் பார்."

விரல் அந்தப் பச்சைப் பொத்தானுக்கு மேலே. அழுத்தினால் நான் எண்ணலாம், அவாவின் முகத்தையும் பார்க்கலாம்.

"வேண்டாமக்கா," என்றேன். "நீங்கள் சொல்லுங்கோ. நான் எழுதுறன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம். தடிமனா, அழுகையா, தெரியாது.

"பவளத்துறை ஆறு."

"எத்தினை?"

"ஆறும், பிள்ளை. ஆறும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கு."

"உப்பளம்?"

"பூச்சியம்." பிறகு, மெல்ல: "ஐஞ்சும் கவிழ்ந்திட்டுது. நான் என்ன செய்ய?"

எழுதினேன். பவளத்துறை 6 – உப்பளம் சிற்றி 0. முப்பது சீசனில் இப்படி ஒரு அடி வாங்கியதில்லை. ஆறு கோணலாக விழுந்தது.

இவர் சோற்றுக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன, உப்பளம் வெண்டதோ?"

"இல்லை. ஆறு கோல் வாங்கினது."

"பின்னை என்னத்துக்குச் சிரிக்கிறீர்?"